47 வயதில் எம்.ஏ. தமிழ்: பாடத்தின் நடுவே கதை வந்து நின்றால் என்ன செய்வது?

ஊசிநூல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில், வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை நடத்தி வருகிறேன். வயது 47. 1996இல் பிளஸ் டூ முடித்த கையோடு திருமணம் ஆயிற்று. மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய ஆண்டில், அவளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த அதே வாரத்தில், எனக்கும் ஒன்று வாங்கி நிரப்பினேன். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் முடித்து, இப்போது எம்.ஏ. தமிழ் முதலாண்டு படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் படிக்கலாமா என்று கேட்பதற்காக நான் இங்கே வரவில்லை. அந்தத் தயக்கம் எனக்கு இல்லை. வீட்டிலும் எல்லோரும் ஒத்தாசையாகவே இருக்கிறார்கள்.

பள்ளியில் படிக்கும்போது கதையும் கவிதையும் எழுதுவேன். ஆண்டு மலரில் என் கவிதை ஒன்று வந்திருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எழுத்து நின்றுபோயிற்று. 25 ஆண்டுகளுக்கும் மேலாக, கடைக் கணக்கையும் வாடிக்கையாளர்களின் அளவுகளையும் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை.

இந்தப் பருவத்தில் சங்க இலக்கியத் தாளில் நற்றிணையின் 284ஆம் பாட்டு வந்தது. வினைமேற்கொண்டு பிரிந்து சென்ற தலைவன் பாலை வழியில் நின்று தவிக்கிறான். அவளுடைய துயரத்தைத் தீர்க்கத் திரும்பிப் போவோம் என்கிறது நெஞ்சு. எடுத்த வினையை முடிக்காமல் விட்டால் அறியாமையும் இகழ்ச்சியும்தான் மிஞ்சும் என்கிறது அறிவு. இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கமாகப் பற்றி இழுக்கும் பழைய கயிற்றைப் போல என் உடம்பு அழியத்தான் வேண்டுமோ என்று அவன் கேட்கிறான். பாடியவரின் பெயர் தேய்புரிப் பழங்கயிற்றினார்.

புரி என்ற சொல்லைப் படித்ததும் என் கை தானாகவே நூல்கண்டுக்குப் போனது. தையல் நூலை முறுக்குக்கு எதிராகத் திருப்பினால் அது புரி புரியாகப் பிரியும். என் கையில் இருந்தது மூன்று புரி. நூல் பழையதாக இருந்தால், தைத்துக்கொண்டிருக்கும்போதே ஊசிக் கண்ணுக்கு மேலே ஒரு புரி மட்டும் முதலில் அறுந்து, பின்னோக்கிச் சுருண்டு, பஞ்சுக் கட்டிபோலத் திரளும். மற்ற இரண்டும் இன்னும் சில தையல்கள் தாங்கும். பிறகுதான் நூல் அறும். அறுவதற்கு முன்பே இயந்திரத்தின் ஓசை மாறிவிடும். 28 ஆண்டுகளாக எனக்குப் பழகிய ஓசை அது. சங்க காலத்தில் ஒருவர் இதையே கயிற்றில் பார்த்திருக்கிறார் என்று எண்ணியபோது என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அன்று இரவு, ரவிக்கைக் கழுத்து வெட்டுவதற்காக வைத்திருந்த பழுப்புக் காகிதத்தின் பின்புறத்தில் இரண்டு பக்கம் எழுதினேன்.

அதிலிருந்து, எப்போது பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் பத்து நிமிடத்துக்குள் ஒரு கதையின் துண்டு வந்து நின்றுவிடுகிறது. எழுதப் போனால் பாடம் நிற்கிறது. பாடத்தைப் பிடித்துக்கொண்டால் கதை போய்விடுகிறது. ஜூனில் தேர்வு, அதற்குள் வைகாசி முகூர்த்தங்களின் தையல் வேலை வேறு காத்திருக்கிறது. இது ஒன்று. இன்னொன்று எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. நான் எழுதுவதெல்லாம் சங்கப் பாட்டின் சாயலிலேயே வருகிறது. என் கதையில் வரும் பெண்ணும் 'என் நெஞ்சே' என்றுதான் பேசுகிறாள். எங்கள் தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. இடையில் விட்டுப்போன படிப்பைப் பெரியவர்களான பிறகு தொடர்ந்து, கூடவே எழுதவும் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

இரவுப்பணி எழுதுகிறார்:

சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். அதில் இரண்டு முறை தவறு செய்துவிட்டுத்தான் சரியான வழியைப் பிடித்தேன்.

நான் செவிலியர். 44ஆவது வயதில் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தேன். இரவுப் பணியில், மருந்து கொடுக்கும் சுற்று முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில்தான் படிப்பேன். குடும்பம் என்ற பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, வார்டில் நோயாளிக்குத் துணையாக வந்து கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தேன். யார் துணைக்கு வருகிறார்கள், யார் வருவதில்லை, மாமியாருக்கு மருமகள் துணை இருக்கும்போது பேச்சு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அத்தனை ஆண்டுகளாக என் கண் முன்னே இருந்தவைதாம். பாடம் படித்த பிறகுதான் அவை கதைகளாகத் தெரியத் தொடங்கின.

முதல் பருவத்தில், கதை எங்கே போய்விடப் போகிறது, தேர்வு முடியட்டும் என்று தள்ளி வைத்தேன். தேர்வு முடிந்த மறுநாள் உட்கார்ந்தபோது கதையின் சம்பவம் மட்டும் நினைவில் இருந்தது. அந்தப் பெண் எந்தக் குரலில் பேசினாள், அவள் கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் மறைந்துவிட்டன. இரண்டாம் பருவத்தில் அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டேன். கதை வந்தபோதெல்லாம் பாடத்தை மூடி வைத்துவிட்டு எழுதினேன். ஒரு கதை முழுதாக வந்தது. ஆராய்ச்சி முறையியல் தாள் போயிற்று. அந்த அரியரை எழுதி முடிக்க இன்னும் ஓர் ஆண்டு ஆயிற்று.

மூன்றாம் பருவத்தில் ஒரு வழக்கத்துக்கு வந்தேன். பாட நோட்டின் வலப்பக்கத்தில் மட்டும் குறிப்பெடுப்பேன். இடப்பக்கத்தைக் காலியாக விட்டுவிடுவேன். கதை வந்து நிற்கும்போது இடப்பக்கத்தில் ஐந்து வரிக்கு மேல் எழுதுவதில்லை. அந்த ஐந்து வரியில் கதைச் சுருக்கம் எழுதக் கூடாது. கண்ணில் பட்ட ஒரு பொருள், காதில் விழுந்த ஓர் ஓசை, யாராவது சொன்ன ஒரு வாக்கியம் அவர் சொன்னபடியே: இவை மட்டும்தான். எழுதிய உடனே வலப்பக்கத்துக்குத் திரும்பிவிடுவேன். ஐந்து வரி எழுத நான்கைந்து நிமிடம் ஆகும். அதனால் பாடம் கெடவில்லை. சம்பவத்தை எப்போது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் சகோதரி, ஆனால் அந்தப் பொருளையும் ஓசையையும் பிறகு கற்பனையால் கொண்டுவர முடியவில்லை என்பதைத்தான் நான் கண்டேன்.

பழுப்புக் காகிதத்தில் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதி போட்டு நோட்டில் ஒட்டி வையுங்கள்.

பழைய கரும்பலகை எழுதுகிறார்:

அன்புள்ள அம்மா, நான் 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடிதத்தில் அந்த நூல் பிரியும் இடத்தை இரண்டு முறை படித்தேன். 'தேய்புரி' என்ற தொடருக்கு நான் வகுப்பில் எத்தனையோ முறை பொருள் சொல்லியிருக்கிறேன். தேய்ந்த புரிகளையுடைய என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஒரு புரி முதலில் அறும், மற்றவை சிறிது தாங்கும் என்று இன்று உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாட்டில் தலைவன் இன்னும் அறுந்துபோகவில்லை. அறுபடப் போகும் நிலையில் நிற்கிறான். நீங்கள் கேட்ட ஓசை மாற்றம் அதுதான்.

உங்கள் இரண்டாவது கவலைக்கு வருகிறேன். தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அன்று. இயற்பெயர் தெரியாமல் போனதால், பாட்டில் அவர் ஆண்ட தொடரையே பெயராக்கி வழங்கினார்கள். இப்படித் தொடரால் பெயர் பெற்றவர்கள் சங்கப் புலவர்களில் பலர் உண்டு. குறுந்தொகையில் மட்டும் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார், ஓரேருழவனார், குப்பைக் கோழியார் என்று எத்தனை பேர்! அவர்கள் சொன்ன பொருள்களைப் பாருங்கள். ஆள் இல்லாமல் போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. யானை வளைத்த மூங்கிலைக் கைவிட்டதும், மீன் சிக்கிய தூண்டிலைப் போல அது மேலே எழுகிறது. ஒரே ஓர் ஏரை வைத்திருக்கும் உழவன், ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டுமே என்று பதைக்கிறான். குப்பைமேட்டில் கோழிகள் தாமாகவே சண்டையிட்டுக்கொள்கின்றன. தூண்டிவிடுவாரும் இல்லை, விலக்குவாரும் இல்லை. இவை ஏட்டைப் பார்த்து எடுத்த உவமைகளா? அவரவர் வாசலிலும் வயலிலும் கண்டவை. ஊரார் பேச்சில் அன்றாடம் புழங்கிய பொருள்களையே அவர்கள் பாட்டில் வைத்தார்கள். நமக்கு அவை பழஞ்சொற்களாகிவிட்டதால் 'அன்ன', 'நெஞ்சே' என்பவற்றைப் பிடித்துக்கொள்கிறோம். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பார்வையை. உங்களுக்கு அது வந்துவிட்டது. சொல்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பாட்டின் பொருளைத் தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரிப்பது உங்கள் பாடத்தில் இருக்கும். ஒரு நிலத்துக்கு உரியவற்றைச் சொல்லும் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ் என்று வரும். செய்தி என்பது அங்கே தொழிலைக் குறிக்கும். தேர்வுக்காக ஐந்து நிலங்களுக்கும் இதை மனப்பாடம் செய்யப் போகிறீர்கள். ஆறாவதாக உங்கள் தையல் அறைக்கும் ஒன்று எழுதுங்கள். இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கும் படத்தில் எந்தத் தெய்வம்? வேலை மும்முரத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள்? சன்னலில் எந்தப் பறவை வந்து உட்கார்கிறது? அந்த அறையின் பறை எது? ஒவ்வொன்றுக்கும் வாயால் என்ன சொல்வீர்களோ அந்தச் சொல்லையே எழுதுங்கள். அகராதிச் சொல் வேண்டாம். கதையில் வரும் பெண் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால், 'என் நெஞ்சே' என்று அவளால் பேச முடியாது.

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலையும் பாடமாக மட்டும் படிக்காதீர்கள். எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் காரணங்கள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு. இவற்றுள் அசைவு என்பதை, முன்பிருந்த நிலை கெட்டு வருந்துதல் என்று விளக்குவார்கள். உங்கள் கதையில் ஒருத்தி அழுதால், இந்த நான்கில் எதனால் அழுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். காரணம் துல்லியமானால் வாக்கியமும் துல்லியமாகும். பெருமிதத்துக்குச் சொன்ன நான்கில் முதலில் நிற்பது கல்வி. அதற்குப் பிறகுதான் தறுகண், இசைமை, கொடை எல்லாம். உங்களைப் போன்றவர்களை நினைக்கும்போது அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்துப் போகிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசை. உங்கள் ஊர்ப் பக்கத்து நிகழ்ச்சி இது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம், அவ்வூருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று ஐயர் அடுக்கிய பெரிய பட்டியல் எதுவும் அவரை அசைக்கவில்லை. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கல்லூரி ஆசிரியர் என்ற பெயரும் பெற்றவர், அதன் பிறகு கும்பகோணத்துச் சைனர்களின் வீடு தேடிப் போய், அவர்களுடைய சமயச் செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏட்டில் இருந்ததன் பொருள், அந்த வீடுகளில் அன்றாடம் புழங்கிய பேச்சில் இருந்தது. தேய்புரிக்கு உங்கள் கடையில் பொருள் கிடைத்ததும் இந்த வகைதான் அம்மா.

பாட வழிகாட்டி எழுதுகிறார்:

வணக்கம். ஒரு படிப்பு மையத்தில் வார இறுதி நேரடி வகுப்புகள் எடுக்கிறேன். ஐயா சொன்ன பயிற்சிகளை மதிக்கிறேன். ஆனால் அவற்றை இந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாள் என்றால் 120 மணி நேரம். ஒரு பருவத்துக்கு இப்படி ஐந்து தாள்கள் இருந்தால் 600 மணி நேரம். ஆறு மாதத்தில் பரப்பினால் வாரத்துக்கு ஏறத்தாழ 23 மணி நேரம் ஆகிறது. கடையும் வீடும் நடத்தும் ஒருவருக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. எங்கள் வகுப்பில் வயதில் மூத்தவர்கள் தோற்பது பெரும்பாலும் படிக்காததால் அன்று. ஒரு பாட்டில் லயித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மற்ற நான்கு அலகுகளைத் தொட நேரம் இல்லாமல் போகிறது. உங்களுக்கும் அந்த ஆபத்து இருப்பதாகத் தோன்றுகிறது. பல திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் அசைன்மென்டுக்கு 30 விழுக்காடும் பருவத் தேர்வுக்கு 70 விழுக்காடும் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்களுடையதிலும் அப்படியே என்றால், அசைன்மென்டை முதலில் நன்றாக எழுதி அனுப்பிவிடுங்கள். நற்றிணைப் பாட்டில் நீங்கள் கண்டதை எழுதத் தகுந்த இடம் அதுதான். திணை, துறை, உவமை ஆகியவற்றை முறையாகச் சொல்லி, அதன் பிறகு புரியைப் பற்றிய உங்கள் விளக்கத்தை ஒரு பத்தியாகச் சேருங்கள்.

கதைக்கு விறகாக மட்டும் பாட்டைப் பயன்படுத்தும் வழக்கம் வந்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பாட்டில் தீப்பொறி கிடைத்ததும் ஓடிவிட்டால், அந்தப் பாட்டை நாம் முழுதாகப் படித்ததாகாது. 284இலேயே பாருங்கள். அறிவு அவனைப் பார்த்துத் திரும்பிப் போகாதே என்று சொல்லவில்லை. சிறிது விரையாதிரு என்றுதான் சொல்கிறது. நெஞ்சு சொன்னது தவறு என்றும் பாட்டில் எங்கும் இல்லை. உரைகளை ஒப்பிட்டுப் படித்தால்தான் இந்த நுட்பங்கள் பிடிபடும். நற்றிணையை உரையுடன் முதலில் பதிப்பித்த பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயர் கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1915இல் அந்தப் பதிப்பு வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஒருவர் வாழ்நாளைக் கொடுத்துச் செய்த வேலை அது. அந்த உரையோடு பத்து நாள் உட்கார்ந்தால், இப்போது வருவதைவிட ஆழமான கதை வரும் என்று நம்புகிறேன்.

இரவுப்பணி எழுதுகிறார்:

வழிகாட்டி ஐயா சொல்லும் மணிக்கணக்கு சரியானதே. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. 25 ஆண்டுகளுக்குப் பிறகு வந்திருக்கும் எழுத்தை இரண்டு மாதம் காத்திரு என்று சொன்னால், அது காத்திருக்கும் என்று நம்மால் உறுதி சொல்ல முடியாது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதும் இவருக்குச் சொல்வதும் ஒன்றாக இருக்கக் கூடாது. நாளுக்கு ஐந்து வரி போதும். அந்த ஐந்து வரியையும் நிறுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

ஊசிநூல் எழுதுகிறார்:

எல்லோருக்கும் என் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். முகூர்த்தத் தையல் குவிந்துவிட்டது.

அக்கா சொன்னபடி இடப்பக்கத்தைக் காலியாக விடத் தொடங்கினேன். முதல் நான்கு நாள் ஐந்து வரியில் நிறுத்தவே முடியவில்லை. ஏழெட்டு வரி ஆகிவிடும். பிறகு பழகிவிட்டது. இப்போது பாடத்துக்கும் அதனால் ஒரு நன்மை தெரிகிறது. கதை வந்தால் அதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று மனத்துக்குத் தெரிந்துவிட்டதால், முன்புபோல் பத்து நிமிடத்துக்கொரு முறை எழுந்து நிற்பதில்லை. அசைன்மென்டை வழிகாட்டி ஐயா சொன்ன முறையிலேயே எழுதி அனுப்பிவிட்டேன். நூலின் புரியைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அறிவு சொல்வது 'சிறிது விரையாதிரு' என்பதுதான் என்று ஐயா காட்டிய பிறகு, அந்தத் தலைவன் மேல் எனக்கு இருந்த இரக்கம் வேறு விதமாக மாறியது. அவனை இழுக்கும் இரண்டுமே அவனுக்கு நல்லதைத்தான் நினைக்கின்றன. அதையும் எழுதினேன்.

கருப்பொருள் பட்டியலை எழுதவேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் இரவு பதினோரு மணிக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது மனத்துக்குள் அதுவாகவே ஓடத் தொடங்கிவிட்டது. சாக்கட்டி, பாபின், கொக்கிப் பட்டி, பிசிறு, ஒட்டுத்துணி, அளவு ரவிக்கை. அளவு ரவிக்கை என்ற சொல்லில் வந்து நின்றேன். புதியது தைக்கக் கொடுப்பவர்கள், அளவுக்காகப் பழைய ரவிக்கை ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒருவருடைய உடம்பு எப்போது இளைத்தது, எப்போது பருத்தது, எந்தத் தோள் சற்றே இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ பெண்களின் அளவு ரவிக்கைகளை விரித்து வைத்து வெட்டியிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தோன்றியதில்லை.

சென்ற வாரம் ஒரு பெண் தன் அம்மாவின் ரவிக்கையைக் கொண்டுவந்தார். அம்மா மாசி மாதம் இறந்துவிட்டார். இதைப் பிரித்து எனக்குப் பொருந்துகிறாற்போல வைத்துத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். துணி நைந்திருந்தது, புதிய துணியே எடுத்துக்கொள்ளலாமே என்றேன். அவர் பதில் சொல்லாமல் ரவிக்கையை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். பக்கத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பழைய துணியைப் பிரித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: வெளியே எவ்வளவு வெளுத்திருந்தாலும், தையலுக்கு உள்ளே மடித்து விட்டிருக்கும் பகுதியில் துணியின் முதல் நிறம் அப்படியே இருக்கும். வெயிலும் சோப்பும் அங்கே போவதில்லை. மடிப்பைத் திறந்ததும் அந்தப் பெண் குனிந்து பார்த்தார். 'இந்தக் கலராக்கா இது' என்று மட்டும் சொன்னார். இடப்பக்கத்தில் அன்று ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அவர் சொன்ன அந்த வாக்கியம்.

கதை இப்போது முதல் இரண்டு பக்கம் வந்திருக்கிறது. அதில் யாரும் 'என் நெஞ்சே' என்று பேசவில்லை. மெய்ப்பாட்டியலைத் திறந்து, அந்தப் பெண் கடையில் நின்றது இழவா, அசைவா என்று பார்த்தேன். அம்மா இறந்ததால் இழவு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் அழவே இல்லை. அம்மாவுக்கு இப்படி ஒரு நிறத்தில் உடுத்திய காலம் இருந்தது என்பதே அவருக்கு அதுவரை தெரியாது. ஆகவே மருட்கைக்கு, அதாவது வியப்புக்குச் சொன்ன புதுமை என்று குறித்து வைத்திருக்கிறேன். சரிதானா என்று ஐயா சொல்ல வேண்டும். மீதிக் கதையை ஜூன் தேர்வுக்குப் பிறகு எழுதுவதாக இருக்கிறேன்; அதுவரை ஐந்து வரிகள் தொடரும்.

பழைய கரும்பலகை எழுதுகிறார்:

மருட்கை என்றுதான் நானும் சொல்வேன் அம்மா. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கில் புதுமையே பொருந்துகிறது. தேர்வில் இதை எடுத்துக்காட்டாக எழுத இடம் இருந்தால் எழுதுங்கள். ஒன்றுதான் கேட்க வேண்டும். உள்மடிப்பில் இருந்த நிறம் என்னவென்று நீங்கள் சொல்லவே இல்லையே?

ஊசிநூல் எழுதுகிறார்:

அரக்கு, ஐயா. வெளியே பழைய செங்கல்போல வெளுத்திருந்தது. கதையிலும் இன்னும் எழுதவில்லை. இன்று இரவு சேர்த்துவிடுகிறேன்.